பத்தொன்பதாம் வளைவில் இரண்டு பள்ளங்கள்

தினமும் காலை ஏழு நாற்பதுக்கு என் மனைவி என்னை நினைத்தாள். அதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது.

மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். சேலத்தில் மலைப்பாதை அழுத்த ஒழுங்கு மையம் என்று ஒரு அலுவலகம். அதன் மூன்றாம் மாடியில், ஏழாம் மேசையில், என் திரையில் ஒரு பச்சைக் கோடு வரும். பூவாணிமலை ஏறுகிற ஒரு வேனின் டர்போ அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற விசை, அது. பதினெட்டு வளைவுகள் வரை மற்ற வண்டிகளைப் போலவே ஏறி இறங்கும். பத்தொன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மட்டும் கோடு ஒருமுறை விழுந்து எழும். முப்பது மீட்டர் தள்ளி மறுபடியும் ஒருமுறை விழும். முதல் பள்ளம் சாமிக்கு. இரண்டாவது எனக்கு.

வண்டி எண்ணோ ஓட்டுகிறவர் பெயரோ எங்களுக்குத் தெரியாது. தனியுரிமைச் சட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது மட்டும் தெரியும். ஆனால் இருபது வருடம் ஒருத்தியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு அவள் மிதிக்கிற காலைத் தெரியாமல் போகுமா?

முதல் பள்ளத்தின் கதை இது. பத்தொன்பதாம் வளைவின் உள்மடிப்பில் கன்னிமார் கற்கள் ஏழு இருக்கின்றன. மஞ்சள் பூசி, வளையல் மாட்டி, வரிசையாக நிற்பார்கள். பூவாணிமலையில் ஏறுகிற எந்த டிரைவரும் அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு போக மாட்டார். ஒரு நொடி காலை எடுப்பார். அழுத்தம் விழுந்து, டர்போவின் சீட்டி அடங்கி, உஸ் என்று ஒரு மூச்சு விட்டு, வண்டி அடக்கமாகக் கடக்கும். பெண்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் சீட்டி அடித்துக்கொண்டு போகலாமா என்பது டிரைவர்கள் சொல்கிற நியாயம். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நியாயம் பிடித்திருந்தது.

கல்யாணமான மாதம், வாணி என்னை முதன்முதலில் அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோகிலவாணி என்பது முழுப்பெயர். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வண்டி ஓட்டியது அவள். ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தது நான். கன்னிமாருக்கு முன்னால் காலை எடுத்தாள். காரணம் சொன்னாள். கொஞ்சம் தள்ளி, வளைவின் செங்குத்தான இடத்தில், மறுபடியும் எடுத்தாள்.

"இங்க யாருக்கு?" என்றேன்.

"இது உங்களுக்குங்க. அந்தக் கம்பிய இந்தப் புடி புடிக்கறீங்களே, பாக்கப் பாவமா இருந்துச்சு. கொஞ்சம் மூச்சு வுட்டுக்குங்க."

அதற்குப் பிறகு அந்த வளைவில் நான் கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டுமுறை எடுப்பாள். பழகிவிட்டது என்பாள்.

நாங்கள் பிரிந்து ஆறு வருடமாகிறது. நான் செய்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்தது போல ஆகும். பூவாணிமலைப் பள்ளிக்கூடத்துக்கு அடிவாரத்திலிருந்து ஆசிரியர்களை ஏற்றிப் போக அவள் ஒரு வேன் வாங்கினாள். அந்த வளைவுகளை நினைத்தாலே எனக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. அப்போது ஒரு எஞ்சின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், லேப்டாப்பை வேனில் மாட்டி அதன் டர்போ அழுத்தத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டேன். வேகம் போகாது, அவள் பத்திரமாக இருப்பாள். அவ்வளவுதான் என் புத்தி.

மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். வாணி வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் வைத்தாள். கத்தவில்லை.

"என்ற வண்டிய என்ன பண்ணுனீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்."

"மூணு மாசம். வண்டி இழுக்கலைன்னு தெனமும் உங்ககிட்டத்தான் சொன்னேன். டீசல் சரியில்லையாட்டம் இருக்குதுன்னு சொன்னீங்க. எங்காலுக்கு அடியில கைய வெச்சுட்டு, என்ற கூடவே உக்காந்து சோறு தின்னுருக்கீங்க." சாவியை எடுத்துக்கொண்டாள். "அந்தக் கைய எடுத்துப்போட்டு வாங்க. அப்பப் பேசிக்கலாம்."

அடிவாரத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வீம்பு. பத்து நாளில் வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். பதினோராம் நாளிலிருந்து வெட்கம். அந்த வருடம்தான் புதுச்சட்டம் வந்தது. மின்சார வண்டிகள் சமவெளியை எடுத்துக்கொண்டன. மலைக்கு மட்டும் இன்னும் எஞ்சின்தான். காட்டில் புகை தேங்குகிறது என்று, மலை வண்டிகளின் டர்போ அழுத்தத்தை மையத்திலிருந்தே கட்டுப்படுத்த முடிவு செய்தார்கள். ஆள் எடுத்தார்கள். நான் சேர்ந்தேன். கையை எடுக்கச் சொன்னவள் பேச்சைக் கேட்பதற்குப் பதிலாக, நான்கு மாவட்டத்து மலை வண்டிகள் எல்லாவற்றின் காலுக்கடியிலும் கையை வைக்கிற உத்தியோகம்.

மேசையில் உட்கார்ந்த மூன்றாம் நாள் அந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்தேன். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஏழரைக்கு முன்னால் மேசைக்கு வராத நாள் கிடையாது. அலுவலகத்தில் எனக்கு நேரம் தவறாதவர் என்று பெயர்.

*

போன மாதம் பத்தொன்பதாம் வளைவில் ஒரு மருத்துவ வேன் பின்னால் உருண்டு தடுப்புச் சுவரில் மோதியது. உள்ளே இருந்த சுபாஷினி என்கிற நர்ஸுக்கு முதுகெலும்பில் அடி. மேலே பாம்பு கடித்துக் கிடந்தவருக்கு எடுத்துப்போன மருந்து ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அவர் பிழைத்தார். ஒரு காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விசாரணைக்கு ஜெசிந்தா மேரி என்று ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியைப் போட்டார்கள். தெற்கத்திக்காரர். வண்டி ஓட்டத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் மையத்தின் கூட்ட அறையிலேயே உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் வேனை ஓட்டிய மாணிக்கவேல். ஆத்தூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், வலது கையில் மாவுக்கட்டு. அவர் பூவாணிமலை ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. மையத்தின் சார்பில் பேச என்னை அனுப்பினார்கள். பூவாணிமலை என் மேசை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க, திருமூர்த்தி," என்றார் நீதிபதி. "டர்போன்னா என்ன?"

"எஞ்சின் வெளியே விடுற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும், மேடம். அதே அச்சுல இன்னொரு பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து அதிகமானா டீசலும் அதிகமா எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைச் செய்யும்."

"அப்போ தள்ளிக்கிட்டே இருக்க வேண்டியதுதானே?"

"அளவு மீறினா எஞ்சினே உடைஞ்சிரும். அதனால புகைச் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு கதவு வெச்சிருக்கு. வேஸ்ட்கேட்னு சொல்லுவோம்."

"குக்கர் வெயிட் மாதிரி."

"கிட்டத்தட்ட. குக்கர்ல உள்ள இருக்கிற ஆவியே வெளிய போயிரும். இங்க அமுக்கின காத்தைத் தொடுறதில்லை. சக்கரத்தைச் சுத்துற புகையில பாதியைக் கதவு வழியா வேற பக்கம் திருப்பி விட்டுருவோம். சக்கரம் மெதுவாகும், அழுத்தம் தானா எறங்கும்."

"கதவை யார் தொறக்கிறது?"

"முன்ன ஒரு ஸ்பிரிங். அழுத்தம் கூடினா அதுவே தள்ளித் தொறந்துக்கும். அப்புறம் வண்டியோட கம்ப்யூட்டர். இப்போ நாங்க."

ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அட்டவணை இருக்கிறது, மலை ஏறுகிற வண்டிகளின் கோடுகளிலிருந்து ஒரு புரோகிராம் அதைத் தானே எழுதிக்கொள்கிறது. வளைவு வந்ததும் கதவு அந்த அட்டவணைப்படி திறக்கும், டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் அட்டவணைக்கு மேல் கிடைக்காது என்று விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு விபத்து அன்றைய கோட்டைத் திரையில் போட்டோம். கன்னிமாரைத் தாண்டி முப்பது மீட்டரில் கோடு படுத்துவிட்டது.

"அழுத்தம் விழுந்துருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"சாதாரணமா, டிரைவர் காலை எடுத்துட்டார்னு அர்த்தம், மேடம்."

மாணிக்கவேல் எழுந்துவிட்டார். "எடுக்கலைங்கம்மா. மிதிச்சேனுங்க. மிதி தரையத் தொட்டுருச்சு. யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்கறாப்புல இருந்துச்சுங்க."

"உக்காருங்க," என்றார் நீதிபதி. சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

கோடு எந்த இடத்தில் படுத்தது என்பதைத் திரையில் பார்த்த அந்த நொடியிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அங்கே விழுகிற கோட்டை ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறவன் நான். மருத்துவ வேனும் வாணியின் வேனும் ஒரே மாடல். பூவாணிமலையில் தினமும் ஏறுகிற அந்த மாடல் வண்டி அவளுடையது ஒன்றுதான். அந்த மாடலுக்கான அட்டவணையை எங்கள் புரோகிராம் அவளுடைய ஒரு கோட்டிலிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் தேவையில்லை என்று அது முடிவு கட்டியிருக்கிறது.

அதைத் தடுக்க ஒரு வழி இருந்தது. இப்படி ஒரு பள்ளம் தொடர்ந்து வந்தால் புரோகிராம் மாதம் ஒருமுறை மேசைக்காரனைக் கேட்கும்: இது சாலையின் இயல்பா, விதிவிலக்கா? விதிவிலக்கு என்று குறித்தால் அந்தப் பள்ளத்தை அழித்துவிட்டுக் கோட்டைச் சமமாக்கிக் காட்டும். அதற்குப் பிறகு அது என் திரைக்கு வராது. ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் நான் 'சாலை இயல்பு' என்று குறித்தேன். எழுபத்திரண்டு முறை.

வாசலில் டீக்கடையில் மாணிக்கவேல் இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சார், நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"இருபத்தெட்டு வருசமா ஓட்டறேன். மிதிச்சேன்னுதான் நெனப்பு இருக்குது. ஆனா மிசின் பொய் சொல்லாதில்லீங்க? ஒருவேளை பயத்துல நானே காலை எடுத்துருப்பனோன்னு இப்பத் தோணுதுங்க. அந்தப் பொண்ணு சுபாஷினி ஆஸ்பத்திரில படுத்துட்டு, அண்ணா நீங்க மிதிச்சீங்க, நான் பாத்தேன்னு சொல்லுது. எனக்குத்தானுங்க எம்மேல சந்தேகமா இருக்குது."

நான் டீயை வாங்கவே இல்லை. வீம்பு பிடித்தவன், கோழை, திருட்டுத்தனமாக எஞ்சினைத் தொட்டவன் என்று என்னை எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ஒரு மனிதனுடைய காலை அவனே நம்பாமல் செய்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பேசினால் வேலை போகும். அதைவிடப் பெரிதாக, ஏழு நாற்பது போகும். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: படிக்கட்டு ஏறும்போது நான் கணக்குப் போட்டது வேலையைப் பற்றி அல்ல.

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கன்னிமாரை, இரண்டாவது பள்ளத்தை, எழுபத்திரண்டு குறிப்புகளை, வாணியை. மாணிக்கவேல் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் நீதிபதி கேட்டார். "உங்க மனைவி அந்த எடத்துல காலை எடுக்கிறாங்க. அதை வெச்சு மெஷின் கத்துக்கிச்சு. சரி. மெஷின் எதைப் பாத்துக் கத்துக்கும்? காலையா, அழுத்தத்தையா?"

"அழுத்தத்தை, மேடம்."

"அழுத்தத்தைக் கொடுக்கிறது யாரு?"

"நாங்க."

"அப்போ நீங்க எவ்வளவு கொடுத்தீங்களோ, அவ்வளவுதான் தேவைன்னு எழுதிக்கிறீங்க. அடுத்த மாசம் அதுலயும் கொஞ்சம் கொறைக்கிறீங்க. பிள்ளைக்கு அரை இட்லி வெச்சுட்டு, அரை இட்லிதான் தின்னுச்சுன்னு எழுதிக்கிட்டு, மறுநாளு கால் இட்லி வைக்கிற மாதிரி. அப்படித்தானே?"

மையம் தொடங்கியபோது மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். படங்கள் காட்டினார்கள். இந்தக் கேள்வியை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"அப்படித்தான், மேடம்."

"கால் மிதிச்சதுக்குத் தனியாப் பதிவு இருக்கா?"

"காப்பகத்துல இருக்கும். எங்களுக்குப் பார்க்க அனுமதி இல்லை. விசாரணை உத்தரவு இருந்தா எடுக்கலாம்."

எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வந்தது. முதலில் மாணிக்கவேலுடைய பதிவு: அவர் சொன்னது போலவே, மிதி முழுவதும் கீழே. எடுக்கவே இல்லை. அந்த மனிதர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்தபோது பேசியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான்.

"அந்தத் தினசரி வண்டியோட பதிவையும் போடுங்க," என்றார் நீதிபதி. "நீங்க சொல்றதை நான் சரிபார்க்கணுமில்ல?"

பச்சைக் கோட்டுக்கு மேல் சிவப்புக் கோடு வந்தது. பச்சை அழுத்தம், சிவப்பு அவள் கால். முதல் இரண்டு வருடம் சிவப்பும் இரண்டுமுறை விழுந்தது. கன்னிமாருக்கு ஒன்று, தள்ளி ஒன்று. என் நெஞ்சு நிறைந்தது. பாருங்கள் என்று அந்த அறையிலிருந்தவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் வருடம், ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிவப்புக் கோடு ஒருமுறைதான் விழுந்தது. புதன்கிழமையும் ஒன்றுதான். வியாழனும். அதற்குப் பிறகு நான்கு வருடமாக அப்படியேதான். இரண்டாவது இடத்தில் அவள் காலை எடுக்கவே இல்லை. மிதி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பச்சைக் கோடு மட்டும் தினமும் அங்கே விழுந்தது. எங்கள் கதவு திறந்ததால் விழுந்தது.

அவள் இரண்டு வருடம் எனக்காக எடுத்த மூச்சைப் புரோகிராம் கற்றுக்கொண்டு, அந்த இடத்தில் அவள் வண்டியின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அவள் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, மிதியைத் தரையோடு அழுத்தி, முதல் கியரில் முக்கி முக்கி ஏறியிருக்கிறாள். நான் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, அவள் என்னை நினைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, டீ குடித்திருக்கிறேன்.

"ஏன் நிறுத்தினாங்க?" என்றார் நீதிபதி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பதில் இன்னொரு கோப்பில் இருந்தது. அந்த வண்டியிலிருந்து மையத்துக்கு வந்த புகார்களையும் காப்பகக்காரர்கள் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மொத்தம் பதினொன்று. முதல் புகார் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் கழித்து வந்தது. மனுதாரர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஏழாம் மேசைக்கு வந்தவை. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் அனுப்பியிருக்கிறேன். எங்களிடம் எட்டு வகைப் பதில்கள் தயாராக இருக்கும். தலைப்பைப் பார்ப்போம், எண்ணைத் தட்டுவோம். நான் நான்காம் பதிலைத் தட்டியிருந்தேன்: 'ஆக்சிலேட்டரைச் சீராக மிதித்து ஓட்டவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

நீதிபதி முதல் புகாரைச் சத்தமாகப் படித்தார்.

"ஐயா, பூவாணிமலை பத்தொன்பதாம் வளைவில் வண்டி இழுப்பதில்லை. முன்பெல்லாம் அங்கே காலை எடுத்து மறுபடி மிதித்தால் ஏறிவிடும். எனக்கு அங்கே ஒரு நொடி காலை எடுத்துப் பழக்கம். இப்போது எடுத்தால் வண்டி பின்னால் போய்விடுகிறது. அதனால் எடுப்பதை விட்டுவிட்டேன். மிதித்துக்கொண்டே போனாலும் முக்குகிறது. என் காலுக்கு அடியில் யாரோ கையை வைத்திருப்பது போல இருக்கிறது. தயவுசெய்து அந்தக் கையை எடுக்கவும்."

நீதிபதி கோப்பை மூடினார். என்னைப் பார்க்காமல், மாணிக்கவேலுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

*

அன்று மாலையே அட்டவணையைத் திருத்த உத்தரவு. நானே செய்தேன். பூவாணிமலை, பத்தொன்பதாம் வளைவு, முப்பதாவது மீட்டர்: முழு அழுத்தம். ஒரே ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. பத்து நொடிகூட ஆகவில்லை. பிறகு அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து பணியிடை நீக்கம். மாணிக்கவேல் வாசலில் நின்றிருந்தார். "பாத்துப் போங்க சார்," என்றார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக, மறுநாள் ஏழு நாற்பதுக்கு எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போகும். அந்த நினைப்பைத் தாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது. விடிவதற்கு முன்பே முதல் பேருந்தில் ஏறினேன். பத்தொன்பதாம் வளைவில் இறக்கிவிடச் சொன்னபோது, "சாமி கும்பிடவா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன்.

கன்னிமாருக்கு அப்பால், செங்குத்தான இடத்தில், மோதி உடைந்த தடுப்புச் சுவர் அப்படியே இருந்தது. அதன் ஓரமாக நின்றேன். அவள் கண்ணில் பட வேண்டும் என்றும் இருந்தது, படக் கூடாது என்றும் இருந்தது. பனி விலகிக்கொண்டிருந்தது. கீழே ஒவ்வொரு வளைவாக ஒரு வண்டி ஏறுகிற சத்தம் வந்தது. கோட்டைத்தான் எனக்குத் தெரியும். சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. மெல்லிய சீட்டி. இறங்கும், ஏறும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வரும்.

வெள்ளை வேன் வளைவுக்குள் திரும்பியது. கன்னிமாருக்கு முன்னால் சீட்டி அடங்கியது. உஸ். பிறகு மறுபடி எழுந்தது. அவள் முதல் கியரைப் போட்டு, உடம்பை முன்னால் தள்ளி, முக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரை. கண்ணாடி போட்டிருந்தாள், அது எனக்குத் தெரியாது. நான்கு வருடத்துப் பழக்கத்தில் அந்த இடத்தில் மிதியை அழுத்தினாள். வண்டி முக்கவில்லை. குதித்து இழுத்தது. பின்னால் இருந்த டீச்சர்கள் "அய்யோ" என்று சிரித்தார்கள். வாணி திகைத்து மிதியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், என்னைத் தாண்டி ஏறிப் போய்விட்டாள்.

இரண்டாவது முறை காலை எடுக்கவில்லை. எடுப்பாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன். ஏமாந்துபோனேன். ஆனாலும் அந்தச் சீட்டி எங்கேயும் அறுபடாமல் மேலே போனதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் வண்டி ஏறுகிறது. யாருடைய கையும் இல்லாமல் ஏறுகிறது.

கொண்டை ஊசி வளைவில் சாலை திரும்பி நம் தலைக்கு மேலேயே வரும். என் தலைக்கு நேர் மேலே வேன் வந்தபோது, சீட்டி சட்டென்று அடங்கியது. உஸ் என்று ஒரு மூச்சு. ஒரு நொடி. பிறகு மறுபடி எழுந்து இருபதாம் வளைவை நோக்கிப் போனது.

அங்கே சாமி எதுவும் கிடையாது. யாரும் அந்த இடத்தில் காலை எடுப்பதில்லை. அங்கிருந்து கீழே பார்த்தால் உடைந்த சுவரும் அதன் ஓரத்தில் நிற்கிற ஆளும் தெரியும்.

கியர் மாற்றியிருக்கலாம். குறுக்கே ஆடு வந்திருக்கலாம். பச்சைக் கோட்டை மட்டும் பார்த்து அர்த்தம் சொல்கிற புத்தி எனக்கு நேற்றோடு போய்விட்டது. மிதியின் பதிவைப் பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். அதைப் பார்க்க எனக்கு இனி அனுமதி இல்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து வாசலில் அவள் வேன் நாலு மணி வரை நிற்கும். இன்னும் பதின்மூன்று வளைவுகள் இருந்தன. நடக்க ஆரம்பித்தேன்.